ஓய்வு நாளில் ஓடாத கழுதை

யூதேயாவின் தெற்கு எல்லையில், பாலைவனத்துக்கு முந்தைய கடைசி ஊர் கினா. அதன் வாசற்காவலன் அஸ்ரிக்காமுக்குப் பதினோரு ஆண்டுகளாக இரண்டே வேலை: வாசலைக் காப்பது, ஓய்வு நாள் தொடங்கும் வெள்ளி மாலையிலும் அது முடியும் சனி மாலையிலும் ஆட்டுக்கொம்பு ஊதுவது. முதல் வேலையில் அவ்வப்போது தூங்கிவிடுவான். இரண்டாவதில் ஒரு தடவைகூடப் பிசகியதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், அவன் குறட்டையைத் தாண்டி ஊர்ப்பெரியவர் பெலத்தியாவின் கழுதை வெளியே போயிற்று. ஓட்டிப்போனவன் திருடன் சபெதாய்.

"கழுதையோட வா. இல்லேன்னா நாளைக்கு ஓய்வு நாள் முடிஞ்சதும் கூட்டம் போட்டு உன் வேலையை உன் மச்சானுக்குக் கொடுத்துடுவேன்" என்றார் பெலத்தியா.

தொடக்கக் கொம்பை அவசரமாக ஊதிவிட்டு, தோளில் கயிறும் இடுப்பில் கொம்புமாக ஓடினான் அஸ்ரிக்காம். மூன்று நாழிகை நடைத் தொலைவில், ஒரு சூரைச்செடியடியில் உட்கார்ந்திருந்த திருடன்மேல் பாயப் போனான். அந்த நொடியில் சூரியன் மறைந்தது. பாயப் போனவன் நின்றுவிட்டான்.

"என்னண்ணே, கட்டலையா?" என்றான் சபெதாய். "முடிச்சுப் போடறதும் வேலைதானே? ஓய்வு நாள்ல ஆகாதே."

"அப்ப நீ ஓடு, பாப்போம்!"

"ரெண்டாயிரம் முழத்துக்கு மேல நடக்கக் கூடாதுண்ணே. கழுதைமேல ஏறவும் கூடாது."

"திருடக் கூடாதுன்னும் இருக்கேடா!"

"அது நேத்துப் பண்ணினது. பொழுது சாய்ஞ்சா புது நாள்தானே?"

அஸ்ரிக்காம் கயிற்றையும் கொம்பையும் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தான். திருடனிடம் பன்னிரண்டு அத்திப்பழம் இருந்தது. மறுநாள் முழுக்க ஆளுக்கு ஆறு.

மறுநாள் சாயங்காலம் இருவரும் கழுத்து வலிக்க வானத்தைப் பார்த்தார்கள். மூன்று நட்சத்திரம் தெரிந்தால் ஓய்வு நாள் முடிந்ததாகக் கணக்கு; அஸ்ரிக்காம் கட்டலாம், சபெதாய் ஏறலாம். ஒன்று வந்தது. இரண்டாவதும் வந்தது.

"மூணு!" என்று கத்திச் சபெதாய் கழுதைமேல் தாவினான்.

"எங்கடா மூணு? அது மலைமேல, ஓய்வு நாளெல்லாம் பாக்காத ஏதோமியன் எவனோ மூட்டின தீடா!"

கழுதை அசையவில்லை. உதைத்தான், கெஞ்சினான், காதில் முத்தம்கூடக் கொடுத்தான். அது கினாவின் கழுதை. கொம்புச் சத்தம் கேட்டால்தான் அதற்கு ஓய்வு நாள் முடியும். முடிந்தால்தான் வீட்டில் வாற்கோதுமை.

மூன்றாவது நட்சத்திரம் நிஜமாகவே வந்தது. அஸ்ரிக்காம் கயிற்றுக்குத்தான் குனிந்தான். பதினோரு வருடப் பழக்கத்தில் கை கொம்பை எடுத்துவிட்டது. ஊதினான்.

கழுதை காதை நிமிர்த்தி, முதுகில் சபெதாயோடு கினாவை நோக்கிப் பறந்தது.

"அண்ணே! நிக்கச் சொல்லுண்ணே!"

அஸ்ரிக்காம் மூச்சிரைக்க ஊர் சேர்ந்தபோது ஒரு விளக்குகூட எரியவில்லை. கழுதை வாற்கோதுமை தின்றுகொண்டிருந்தது. ஊரே சபெதாயைச் சூழ்ந்திருந்தது.

"ஓய்வு நாள்ல கழுதைமேல ஏறி வந்திருக்கான், பாவி!" என்றார் பெலத்தியா. திருட்டைப் பற்றி யாரும் பேசவில்லை.

"முடிஞ்சிடுச்சுன்னு சொல்லுண்ணே!" என்று அழுதான் சபெதாய்.

"வானம் பூரா நட்சத்திரம். ஏன் இன்னும் அடுப்பு மூட்டலை?" என்று அஸ்ரிக்காம் மனைவியிடம் கேட்டான்.

"கொம்பு ஊதாம எப்படி முடியும்?" என்றாள் அத்தாராள். "என் தம்பி வேறொரு கொம்பை ஊதினான். ஏதோ ஆட்டுக்குப் பிரசவ வலின்னு மருத்துவச்சி ஓடி வந்துட்டா."

அஸ்ரிக்காம் கொம்பை உதட்டருகே கொண்டுபோய் நிறுத்தினான். "ஊதினா கூட்டம் போடுவீங்களே, பெரியவரே?"

"கூட்டமும் வேண்டாம், மச்சானும் வேண்டாம். பசியில உயிர் போகுது, ஊதுடா!"

ஊதினான். ஐம்பத்திரண்டு வீட்டிலும் அடுப்பு எரிந்தது. அதற்குப் பிறகு பத்தொன்பது ஆண்டுகள் அவனே காவலன். குளிக்கப் போனாலும் கொம்பை மட்டும் யார் கையிலும் கொடுத்ததில்லை.