கோட்டின் முனையில் ஒரு பொட்டு

தட்டக்காவுக்கு அந்தப் பெயர் வந்தது ஒரு தட்டால். சாப்பிடுகிற தட்டு இல்லை. கறுப்பும் வெள்ளையுமாக மாற்றி மாற்றிப் பெயின்ட் அடித்து, நடுவில் அளவுக்கயிறு கட்டிய வட்டத் தகடு. ஏரி நடுவே அடையாளத்துக்குக் கட்டிய மிதவையருகில் படகை நிறுத்தி, அதைத் தண்ணீருக்குள் இறக்குவார். எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறதோ, அதுதான் அன்றைக்குத் தண்ணீரின் தெளிவு. அதை நோட்டில் எழுதி, ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்து, ஏரியைக் கவனிக்கிற ஆபீசுக்கு அனுப்புவார். ஐந்து நாளைக்கு ஒரு தடவை, காலை பத்தரை மணிக்கு. அதென்ன பத்தரை? அந்த நேரத்தில்தான் மேலே செயற்கைக்கோள் ஏரியைப் படம் பிடித்துக்கொண்டு போகும். மேலே இருப்பது சொல்வது சரிதானா என்று கீழே இருப்பவர் பார்த்துச் சொல்ல வேண்டும். உலகத்தில் இப்படியும் ஒரு வேலை!

அதற்கு முன் இருபது வருஷம் அக்கரைக்கும் இக்கரைக்கும் மோட்டார் படகு விட்டவர். பாலம் வந்தது, படகில் ஏற ஆளில்லை. இந்த வேலை கிடைத்தபோது பம்பு ஆபரேட்டரான அவர் கணவர், "தண்ணி கலங்கியிருக்கான்னு பார்க்கறதுக்குச் சம்பளமா? என்னைக் கேட்டா சும்மாவே சொல்லுவேனே!" என்று சிரித்தார். தட்டக்காவுக்கு வேறு யோசனை. அவ்வளவு உயரத்திலிருந்து அதுக்கு என்னதான் தெரியும்? படகு தெரியுமா? நான் தெரிவேனா? எதற்கும் இருக்கட்டும் என்று படம் பிடிக்கிற நாளில் தலையை வாரிப் பின்னிக்கொண்டுதான் படகேறுவார்.

மூன்று வருஷத்தில் ஒரு நாள் தவறியதில்லை. "வேலை விஷயத்துல நாக்கு மேல பல்லு போட்டு யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்ல முடியாது" என்று சொல்லிக்கொண்டு திரிவார். போன கோடையில் ஏரியில் குளித்துவிட்டு வந்த மகளுக்கு உடம்பெல்லாம் தடித்துப் போனது. "ஏரித் தண்ணி சுத்தம், என் பாட்டிலே சாட்சி" என்று சாதித்தவர், மகள் ஆசையாக வாங்கிய புதுச் சோப்பைத்தான் குப்பையில் வீசினார்.

அப்படிப்பட்டவரை ஒருநாள் நோட்டோடு நேரில் வரச் சொல்லி ஆபீசிலிருந்து போன் வந்தது.

இரண்டாவது மாடியில், மின்விசிறி கிறீச்சிடும் ஓர் அறை. செயற்கைக்கோள் படங்களைப் படித்துச் சொல்கிற படக்காரர் அங்கே உட்கார்ந்திருந்தார். தட்டக்காவைவிட வயதில் சின்னவர். பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் பேனாவைத் திறந்து திறந்து மூடினார்.

"அக்கா, மனசுல எதுவும் வெச்சுக்காதீங்க. ஏரி பூரா பச்சைப் பாசின்னு சாட்டிலைட் சொல்லுது. உங்க பாட்டில்ல தண்ணி தெளிவா இருக்கு. ஒண்ணு, மேல இருக்கறது தப்பு. இல்லைன்னா..."

"இல்லைன்னா?"

"நீங்க ஏரிக்கே போகாம வீட்டுக் குழாய்ல பிடிச்சு அனுப்பறீங்கன்னு பெரியவங்க நினைக்கறாங்க. வேலையை விட்டு எடுத்துடலாம்னு பேச்சு."

தட்டக்காவுக்கு உச்சி வரைக்கும் சுர்ரென்று ஏறியது.

"குழாய்த் தண்ணியா? காய்ச்சலோட போயிருக்கேன் சார், கொட்டற மழையில போயிருக்கேன்! எனக்கு மடியில கனமில்ல. மூணு வருஷமா என்னைப் பிடிச்ச படத்தைக் காட்டுங்க, நானும் பார்க்கறேன்."

படக்காரர் திரையைத் திருப்பினார். பார்த்த மாத்திரத்தில் தட்டக்காவுக்குக் கோபம் மறந்து போனது.

"அட, நம்ம ஏரி காது மாதிரியா இருக்கு!" என்றார். இருபத்து மூன்று வருஷம் சுற்றிச் சுற்றி வந்த ஏரிக்கு உருவம் இதுதான் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. பாலம் ஒரு நூல். கரையோரம் துறை. துறையிலிருந்து நடு ஏரி வரைக்கும் பச்சைப் பாசி சுழித்துக்கொண்டு கிடந்தது. அதற்குள்ளே கறுப்பாக, மெல்லிசாக ஏதோ போயிற்று.

"சார், இது என்ன கோடு?"

படக்காரர் பெரிதாக்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "படகு போன தடம்! பாசியைக் கிழிச்சுக்கிட்டு நேரா மிதவைக்குப் போயிருக்கு." வேறு தேதிகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். பாசி மூடிய நாளிலெல்லாம் அதே கோடு. அந்த ஏரியில் இப்போது வேறு படகே கிடையாது. "ஒவ்வொரு தடவையும் போயிருக்கீங்க! என்னை மன்னிச்சிடுங்கக்கா. அப்போ தப்பு எங்க கணக்குலதான். பச்சையைக் கூட்டிச் சொல்லுது. குறைச்சுடறேன்."

வேலை தப்பியது, பெயரும் தப்பியது. ஆனால் தட்டக்காவின் கண் கோட்டின் முனையிலேயே நின்றது. அங்கே கறுப்பாக ஒரு பொட்டு. எல்லாப் படத்திலும் இருந்தது. அது என்ன என்று அவருக்குத் தெரியும். அவருக்கு மட்டும்தான் தெரியும். வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம், யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் மகளின் தடித்த கை நினைவுக்கு வந்தது.

"சார், கணக்குல கை வைக்காதீங்க. அந்தப் பொட்டு நான் பண்ணினது."

"எந்தப் பொட்டு?"

"ஒருத்தருக்குத் தண்ணி மொண்டு குடுக்கறப்போ மேல மிதக்கற தூசியை ஒதுக்கிட்டுத்தானே மொள்ளுவோம்? அழுக்கையா அனுப்பறதுன்னு, மிதவையை ரெண்டு சுத்து சுத்தி, பாசியை விலக்கிட்டு, நல்ல தண்ணியா பார்த்துப் பிடிப்பேன். தட்டையும் அங்கேதான் இறக்குவேன்."

படக்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "மூணு வருஷமாவா?"

"மூணு வருஷமா."

படக்காரர் வேலைக் குறிப்புத் தாளை எடுத்து மேலிருந்து கீழே படித்தார். "பாசியை ஒதுக்கக் கூடாதுன்னு இதுல ஒரு வரி இல்லையேக்கா. எங்க யாருக்கும் தோணவே இல்லை. பெரியவங்ககிட்ட நான் பேசறேன். அடுத்த தடவை ஒதுக்காம பிடிச்சுட்டு வாங்க."

ஐந்தாம் நாள் பத்தரைக்கு, மிதவைக்கு முன்னாலேயே மோட்டாரை அணைத்துவிட்டுப் படகை மெல்ல மிதக்கவிட்டார். கை பழக்கத்தில் துடுப்பைத் தேடியது. "சும்மா இரு!" என்று அந்தக் கையையே ஓர் அடி போட்டார். பாட்டிலில் பச்சைக் கூழ் ஏறியது. தட்டு ஒரு சாணில் மறைந்தது. கழுவாத பாத்திரத்தை விருந்தாளியிடம் நீட்டுவதுபோல் கூச்சம் பிடுங்கித் தின்றது, ஆனாலும் அப்படியே மூடி அனுப்பினார்.

ஒரு வாரத்தில் புதுக் குறிப்புத் தாள் வந்தது. முதல் வரியே பாசியை ஒதுக்காதே என்பதுதான். வேலை அவருக்கே. கூடவே அந்த ஐந்தாம் நாள் படம். துறையிலிருந்து மிதவை வரைக்கும் கோடு இருந்தது, முனையில் பொட்டு இல்லை. பாசி பட்டால் உடம்பு தடிக்கும், துறையில் யாரும் குளிக்கக் கூடாது என்று பலகையும் வைத்துவிட்டார்கள்.

பலகையைப் படித்துவிட்டு வந்த மகள் வாசலிலேயே நின்றாள். "அப்போ அந்தச் சோப்பு மேல தப்பு இல்லையாம்மா?"

தட்டக்கா அவள் கையைப் பிடித்து, தடிப்பு இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தார்.

"இல்லடி. தப்பு என் மேலதான்."