பத்து வரியோடு தள்ளிய ரிவ்யூ

அடுத்தவர் எழுதிய ரிவ்யூவைப் படித்து மதிப்புப் போடுகிற வேலைக்குச் சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது, கெட்ட பேர் மட்டும் தவறாமல் கிடைக்கும். இதே வேலையைச் செய்கிற உங்களுக்கு இது தெரியும். தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு வாங்கிய சாமான் எப்படி இருக்கிறது என்று உறுப்பினர்கள் எழுதும் ஓர் இணையதளம். அதன் தமிழ்ப் பகுதியில் மூன்று வருடமாக இருக்கிறேன். ஒவ்வொரு ரிவ்யூவின் கீழும் இரண்டு பொத்தான் இருக்கும். 'உதவியது', 'உதவவில்லை'. மூன்று பேர் 'உதவவில்லை' என்று அழுத்திவிட்டால் அந்த ரிவ்யூ மடிந்து பக்கத்தின் அடிக்குப் போய்விடும். மடிந்ததை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

நான் எட்டாவது வரை படித்தவள். ஸ்ரீராம்புரத்திலிருந்து தினம் பஸ் பிடித்துப் போய் இருபத்தாறு வருடம் சட்டைக் கம்பெனியில், தைத்ததில் குறை பார்க்கும் செக்கராக இருந்தேன். முழங்கால் போனபின் வீட்டோடு இருக்கிறேன். இதுவரை படித்த ரிவ்யூக்கள் எல்லாம் தேதியோடு நோட்டில் இருக்கின்றன. அவற்றில் மடிக்கக் கூடாத ஒன்றை நான் மடித்துவிட்டேன். மடித்ததால் முன்பின் தெரியாத ஓர் அம்மாவின் முதுகு புண்ணாகப் பார்த்தது. அங்கே போவதற்குள் முன்கதை இரண்டைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பதினாலு நிமிடம்

சேர்ந்த முதல் வாரம் எனக்கு வேகம்தான் பெரிதாகத் தெரிந்தது. லைனில் மணிக்கு இத்தனை பீஸ் என்று பார்த்துப் பழகிய கை. ஒரு மத்தியானம் உட்கார்ந்து நாற்பத்திரண்டு ரிவ்யூவுக்கு மதிப்புப் போட்டேன். பதினாலு நிமிடம் ஆனது. எல்லாவற்றுக்கும் 'உதவியது' என்றே அழுத்தினேன். யார் மனமும் நோகாது என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலமே செல்வம் என்ற உறுப்பினரிடமிருந்து செய்தி வந்தது. வாஷிங் மெஷினைப் பற்றி நீளமாக எழுதியிருந்தவர். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. யாரும் பக்கத்தில் இல்லை, இருந்தும் போனைக் கவிழ்த்து வைத்தேன். அவர் எழுதியது இவ்வளவுதான்: "ஆன்ட்டி, நான் ரிவ்யூ எழுத ரெண்டு நாள் ஆச்சு. நீங்க எனக்கு மார்க் போட்டு, அடுத்த ஆளுக்கும் போட்டுட்டீங்க, ஒரே நிமிஷம். மெஷின் கூட அந்த ஸ்பீடுல சுத்தாது."

விசேஷ வீடு

தளத்தின் எங்கள் தமிழ்ப் பகுதியில் எழுதாத ஒரு முறை இருந்தது. நீங்கள் எனக்கு 'உதவியது' போட்டால் நான் உங்களுக்குப் போட வேண்டும். அவர் வீட்டு விசேஷத்துக்கு நாம் போனோம், நம் வீட்டுக்கு அவர் வர வேண்டும் என்பது மாதிரி. குமுதா என்று தளத்தில் ஒரு தங்கை, நல்ல மனசு, சிவாஜிநகரில் துணிக்கடையில் இருக்கிறாள். அவள் எனக்குப் போன் செய்தாள். எனக்குப் போனில் பேசவே வராது. அவளோ வணக்கம் கூடச் சொல்லவில்லை. "அக்கா, நான் உங்க வீட்டுக்குப் பதினேழு தடவை வந்திருக்கேன். நீங்க மூணே தடவை. என்ன கணக்குக்கா இது?"

அவள் எண்ணிக்கை சரிதான், நோட்டிலும் அப்படியே இருந்தது. ஆனால் அவள் எழுதியதில் பாதி, பெட்டியைப் பிரிக்காமலே எழுதியது. நான் தமிழ்ப் பகுதி உறுப்பினர்களின் குழுவில் ஒரு விதியை எழுதிப் போட்டேன்: யாரும் யாரிடமும் மதிப்புக் கேட்கக் கூடாது, 'உதவவில்லை' போடுகிறவர் காரணம் எழுத வேண்டும். பேச வராதவள் எழுதினால் கொஞ்சம் கடுமையாகத்தான் வரும். முப்பத்தொரு பேர் சரி என்றார்கள். குமுதாவும் சரி என்றுதான் போட்டாள், கீழே ஒரு வரியையும் சேர்த்து: "சும்னே, சும்மாதான் ஒரு தளத்துல சேர்ந்தேன், இங்கயும் ஹெட்மிஸ்ட்ரஸ் வந்துட்டாங்க."

லாட் ரிஜெக்ட்

சட்டைக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. ஆயிரம் சட்டை வந்தாலும் ஆயிரத்தையும் பிரித்துப் பார்க்க மாட்டோம். எண்பது பீஸ் உருவி எடுத்துப் பார்ப்போம். ஐந்து குறை வரை விடலாம். ஆறாவது குறை வந்தால் மொத்த லாட்டும் திரும்பிப் போகும். மீதியில் தங்கமே தைத்திருந்தாலும் பார்ப்பதில்லை. இருபத்தாறு வருடம் அப்படியே செய்து, ஒருநாளும் யாரிடமும் பேச்சு வாங்கியதில்லை. அதே வழக்கத்தை ரிவ்யூவுக்கும் கொண்டுவந்தேன். முதல் பத்து வரி. அதற்குள் ஆறு குறை இருந்தால் அதற்குமேல் படிப்பதில்லை.

ரோஸ்லின் என்பவரின் ரிவ்யூ ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கான காற்று மெத்தையைப் பற்றியது. சின்ன மோட்டார் ஒன்று காற்றை மாற்றி மாற்றி அடைக்கும், முதுகில் புண் வராது என்று விற்கிறார்கள். ரோஸ்லின் எங்கெங்கோ ஆரம்பித்திருந்தார். கணவர் கட்டடத்திலிருந்து விழுந்தது, கொழுந்தன் வந்து பார்க்காதது, மழை. மெத்தையின் அளவு இல்லை, வாங்கிய மாதம் இல்லை, எத்தனை நாள் பயன்படுத்தினார் என்பது இல்லை. பத்தாவது வரிக்குள் ஆறு எண்ணிவிட்டேன். 'உதவவில்லை' போட்டு, விதிப்படி ஆறு காரணத்தையும் வரிசையாக எழுதினேன். ஏற்கெனவே இரண்டு பேர் போட்டிருந்தார்கள். என்னுடையது மூன்றாவது. ரிவ்யூ மடிந்தது.

வியாழக்கிழமை ரோஸ்லின் பதில் எழுதியிருந்தார். கோபமில்லை. கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "சரிங்க மேடம். பத்து வரிக்கு அப்புறம்தான் அவர் முதுகைப் பத்தி எழுதியிருந்தேன்."

பதினோராவது வரி

திறந்து படித்தேன். கணவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. ரோஸ்லின் ஒரு ஹாஸ்டலில் சமையல் வேலை செய்கிறார்; காலை பத்து மணிக்குப் போனால் நாலு மணிக்குத்தான் வருவார். ஒருநாள் அவர் போனபின் கரண்ட் போயிருக்கிறது. மோட்டார் நின்றதும் காற்று கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, மெத்தை வெறும் பிளாஸ்டிக் தாளாகிவிட்டது. கரண்ட் போனாலும் காற்று நிற்கும் என்று கம்பெனி எழுதியிருந்ததை நம்பி, கீழே வேறெதுவும் போடவில்லை. மனிதர் நாலு மணி வரை கட்டில் பலகையில் கிடந்திருக்கிறார். வலி தெரியாததால் யாரையும் கூப்பிடவில்லை. ரோஸ்லின் திரும்பி வந்து புரட்டிப் பார்த்தபோது முதுகில் இரண்டு இடத்தில் தோல் போயிருந்தது. கடைசி நாலு வரியில் தெளிவாக எழுதியிருந்தார்: கீழே கட்டாயம் பஞ்சு மெத்தை போடுங்கள், கரண்ட் போனால் வந்து பார்க்க ஒரு ஆளைச் சொல்லி வையுங்கள், ஆளைத் தனியே விட்டுப் போகாதீர்கள்.

அதே பக்கத்தில் சங்கர் என்பவர் கேள்வி கேட்டிருந்தார். எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. அம்மா இடுப்பு உடைந்து படுத்திருக்கிறார். காலை ஏழு மணிக்கு ஆபீஸ் கேப் வந்து அவர் கிளம்பினால், இருட்டும் வரை அம்மா தனியாகத்தான் இருப்பார். இந்த மெத்தையை வாங்கலாமா? மூன்று பேர் வாங்குங்கள் என்று சொல்லியிருந்தார்கள். நான் அவசரமாக எழுதினேன், கரண்ட் போனால் காற்று இறங்கிவிடும் என்று. அவர் கேட்டார், நீங்கள் அந்த மெத்தையை வாங்கினீர்களா? இல்லை என்றேன். பிறகு எப்படித் தெரியும்? மடிந்திருக்கும் அந்த ரிவ்யூவைத் திறந்து படியுங்கள் என்றேன். அவர் கடைசியாக எழுதியது இது: "நீங்களே உதவவில்லைன்னு ஆறு காரணம் எழுதி மூடி வெச்சுட்டு, இப்ப என்னைப் போய்ப் படிக்கச் சொல்றீங்களே மேடம்!"

கேட்கக் கூடாததைக் கேட்டது

என் மதிப்பை மாற்றினேன். அது மட்டும் போதாது. ஒருமுறை மடிந்தது திறக்க ஐந்து 'உதவியது' வேண்டும். என்னுடையதைச் சேர்த்து ஒன்றுதான் ஆகியிருந்தது. நாலு பேரிடம் கேட்க வேண்டும். கேட்கக் கூடாது என்று விதி எழுதியவள் நான்.

இரண்டு நாள் சும்மா இருந்தேன். சரியாகச் சாப்பிடவும் இல்லை. மூன்றாம் நாள் ஒரு தாளில் பதினொரு பெயரை எழுதிக்கொண்டு, முதல் பெயருக்குப் போன் போட்டேன். குமுதா. விஷயத்தைச் சொன்னதும் அவள் சிரித்தாள். "கேட்கக் கூடாதுன்னு சொன்னது யாரு அக்கா? பேரு மறந்துபோச்சு எனக்கு." நான் சொன்னேன், மதிப்புக் கேட்கவில்லை, படிக்கச் சொல்லிக் கேட்கிறேன், கடைசி வரி வரை. படித்தபின் உதவவில்லை என்று பட்டால் அதையே போடு. கடையில் யாரோ புடவை விலை கேட்பது காதில் விழுந்தது. பிறகு, "பாத்து வெக்கறேன், கட் பண்ணுங்க" என்றாள்.

பதினொரு பேரையும் கூப்பிட்டேன். மூன்று பேர் எடுக்கவில்லை. இரண்டு பேர் பிறகு என்றார்கள். ஆறு பேர் படித்தார்கள். அதில் மூன்று பேர் 'உதவியது' போட்டார்கள். இரண்டு பேர் படித்துவிட்டு எதுவும் போடாமல் போனார்கள். ஒருவர், அந்த வாஷிங் மெஷின் செல்வம், 'உதவவில்லை' போட்டார். என்னிடம் கற்றுக்கொண்டதையே எனக்குத் திருப்பிச் சொன்னார்: "பாவமாத்தான் இருக்கு ஆன்ட்டி. ஆனா அளவு எழுதலையே. அளவு இல்லாம என்ன ரிவ்யூ?"

ஐந்தாவது

என்னையும் சேர்த்து நாலு. ஒன்று குறைந்தது. ஒவ்வொரு நாளும் காலையிலும் மத்தியானத்திலும் திறந்து பார்த்தேன். எங்கள் தெருவில் கரண்ட் போனால் கூட சங்கர் வீட்டிலும் போயிருக்குமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். பத்தாம் நாள் மத்தியானம் ரிவ்யூ திறந்திருந்தது. ஐந்தாவது யார் என்று பார்த்தேன். சங்கர்.

அவருக்குச் செய்தி போடலாமா வேண்டாமா என்று அரைமணி நேரம் யோசித்தேன். அதற்குள் அவரே எழுதிவிட்டார்: "அன்னைக்கே ஆர்டர் போட்டுட்டேன் மேடம், உங்க மேல இருந்த கோபத்துல. குமுதான்னு ஒருத்தங்க, முதல்ல படிடா, அப்புறம் திட்டுன்னு எழுதினாங்க. படிச்சேன். கீழே பஞ்சு மெத்தை போட்டு, எதிர்வீட்டு அம்மாகிட்ட சாவி குடுத்திருக்கேன். நேத்து ரெண்டு மணி நேரம் கரண்ட் இல்ல. அவங்க வந்து அம்மாவைத் திருப்பிப் படுக்க வெச்சிருக்காங்க. முதுகு நல்லா இருக்கு."

கடைசி வரி வரை

ரோஸ்லினிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். ஆறு முறை எழுதி ஆறையும் அழித்துவிட்டு, ஏழாவதை அனுப்பினேன். இரண்டே வரி. கணவருக்கு எப்படி இருக்கிறது என்றும் கேட்டிருந்தேன். ஒரு புண் ஆறிவிட்டதாம். இன்னொன்றுக்கு நர்ஸ் வந்து கட்டுப் போடுகிறாராம். என்னைப் பற்றி ஒரு வார்த்தை கூடத் தப்பாகச் சொல்லவில்லை. ரிவ்யூவில் ஒரு வரியை மட்டும் சேர்த்திருந்தார்: மெத்தை ஆறடிக்கு மூன்றடி, ஜூனில் வாங்கியது.

அவர் அனுப்பிய பதிலைப் பிறகு குழுவில் விதிக்குக் கீழேயே போட்டு வைத்தேன், இதில் வரும் மேடம் நான்தான் என்று என் பெயரோடு. "நல்லதுங்க மேடம். அடுத்த தடவை முக்கியமானதை முதல்லயே எழுதிடறேன். நீங்களும் கொஞ்சம் பொறுத்து, கடைசி வரைக்கும் வாங்க."

நோட்டின்படி பத்து வரியோடு நான் தள்ளியவை முந்நூற்று எட்டு. அவற்றை முதலிலிருந்து முழுவதும் படித்துக்கொண்டு வருகிறேன், நாற்பத்தொன்று முடிந்திருக்கிறது, அதில் முப்பத்தொன்பது நிஜமாகவே உதவவில்லை.