மார்பில் கட்டிய மல்லிகை

பிள்ளைகளா, சிரிக்காமல் படியுங்கள் என்று சொல்ல மாட்டேன். எழுதுகிற எனக்கே சிரிப்பு வருகிறது.

எழுபதுகளில் அம்பகரத்தூரில் நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் குளிக்கும்போது இடது மார்புக்காம்புக்கு அடியில் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. தொட்டால் வலித்தது. எதிர்வீட்டு அத்தைக்கு இப்படித்தான் கட்டி வந்து, புற்றுநோய் என்று ஒரு பக்க மார்பையே எடுத்திருந்தார்கள். எனக்கும் அதேதான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். ஆனால் ஆம்பிளைப் பையன் போய் யாரிடம் சொல்வது?

அந்தச் சமயம் சித்தி தன் பிள்ளைக்குப் பால் மறக்கடித்துக்கொண்டிருந்தார். பால் கட்டி வீங்கினால் எங்கள் பக்கம் மார்பில் மல்லிகைப் பூ வைத்துக் கட்டுவார்கள். பால் வற்றி வீக்கம் வடிந்துவிடும். சித்திக்கு வடிந்ததே, எனக்கு வடியாதா? மிச்சமிருந்த சரத்தை மார்பில் வைத்துத் துண்டால் சுற்றி, மேலே சட்டையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன்.

வெயில் ஏற ஏற வகுப்பே மணத்தது. பின்பெஞ்சுப் பையன் ஒருவன் மோந்து மோந்து என்னிடம் வந்து நின்றான்.

"என்னடா, இன்னிக்கு உனக்கு வளைகாப்பா?"

வாத்தியார் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

வீட்டில் அம்மா சட்டையைக் கழற்றச் சொன்னதும் வாடின பூ பொலபொலவென்று கொட்டியது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸிலேயே காரைக்கால் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

டாக்டரம்மா இரண்டு பக்கமும் தொட்டுப் பார்த்தார்.

"இது புற்றுநோய் இல்ல தம்பி. பெண்களுக்குச் சுரக்கிற ஹார்மோன் ஆம்பிளைப் பிள்ளைக்கும் கொஞ்சம் சுரக்கும். இந்த வயசுல அது கை ஓங்குனா மார்பு லேசா வளரும். அப்புறம் தானா அடங்கிடும்."

அதே ஹார்மோன்தான் பெண்களுக்கு மார்பை வளர்க்கிறதாம். சில சமயம் புற்றுக்கட்டிக்கும் அதுவே தீனியாகிவிடுமாம். ஆண்களுக்கும் அந்த நோய் அபூர்வமாக வரும், பெரியவனான பிறகு கட்டி தெரிந்தால் வெட்கப்படாமல் வரவேண்டும் என்றார். இது உங்களுக்கும்தான்.

பூ கட்டினது சரிதானா என்று அம்மா மெதுவாகக் கேட்டார்.

"பால் இருந்தாத்தானேம்மா வத்தும்?" என்றார் டாக்டரம்மா.

அவ்வளவுதான். அதுவரை அடக்கிவைத்திருந்த சிரிப்பு அம்மாவுக்குப் பீறிட்டுக்கொண்டு வந்தது. எனக்கும் தொற்றிக்கொண்டது. சாகப்போவதில்லை என்று தெரிந்தவனுக்குக் கால் தரையில் நிற்குமா? பஸ் ஸ்டாண்டுவரை குதித்துக்கொண்டே வந்தேன். அங்கே அம்மா ஒரு முழம் மல்லிகை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார்.

"இதையாவது என் தலையில இருக்க விடுடா" என்றார்.