கையெழுத்துக்குக் காத்திருந்த புழுக்கள்

அறுபதுகளில் பம்பாய்ச் செம்பூரில் ஒரு கம்பெனிக் காலனியின் தோட்டப் பிரிவில் நான் டைப்பிஸ்ட். ஒரு வருஷம் மழை ஓய்ந்த கையோடு மாமரங்களில் இலைக்கூடுகள் தொங்க ஆரம்பித்தன. அந்துப்பூச்சியின் வேலை. அதன் புழுக்கள் இலைகளைப் பட்டு நூலால் சேர்த்துக் கட்டி, உள்ளே கூட்டுக்குடித்தனம் நடத்திக்கொண்டு தின்னும்.

எங்கள் கார்டன் ஆபீசர் தாவரவியல் பட்டதாரி. அவர் ஒரு இலையைத் தொட்டு நான் பார்த்ததில்லை. மருந்தடிக்கச் சொன்னார். மருந்து கூட்டின் மேல் வழிந்து ஓடியது. உள்ளே விருந்து நடந்தது. கடைசியில் தாராவியிலிருந்து வரும் சுடலைமுத்து சொன்னபடி, தொரட்டியால் கூடுகளை அறுத்து இறக்கச் சம்மதித்தார். சுடலைமுத்து ஆறு வருஷமாகத் தினக்கூலி. அந்த மாதம் பெர்மனென்ட் ஆக வேண்டியவர்.

பதினேழு சாக்கு நிறைந்தது.

"இப்பமே எரிச்சுப்போடணும்யா. உள்ள உசிரு இருக்கு. விட்டா பூச்சியாப் பறந்துரும்" என்றார் சுடலைமுத்து.

"பெரிய சாப் பாத்துக் கையெழுத்துப் போடாம ஒரு இலையக்கூட எரிக்கப்படாது. ரூல்னு ஒண்ணு இருக்கோல்லியோ?" என்றார் ஆபீசர்.

பெரிய சாப், அதாவது காலனி மானேஜர், டூரில் இருந்தார். சாக்குகளை மருந்து ஷெட்டில் அடுக்கி, ஒவ்வொன்றிலும் நான் டைப் அடித்த சீட்டை ஒட்டினோம். புழுவுக்கும் நம்பர் போட்ட ஆபீஸ் அது. சுடலைமுத்து இரண்டு தடவை வந்து கெஞ்சினார். இரண்டு தடவையும் ஆபீசர் அவரை விரட்டினார்.

மூன்று வாரம் கழித்துப் பெரிய சாப் வந்து ஷெட்டைத் திறந்தார். பூச்சிகள் அவர் கோட்டிலும் முகத்திலும் மொய்த்தன. நல்ல வரவேற்பு! ஜன்னல் வழியாக முன்பே போனவை மரங்களுக்குத் திரும்பியிருந்தன.

"யே கிஸ்கா காம் ஹை?" என்று கத்தினார், யார் பார்த்த வேலை இது என்று.

ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. ஆபீசர் சுடலைமுத்துவைக் கைகாட்டினார். பக்கத்தில் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை.

மெமோவையும் நான்தான் டைப் அடித்தேன். சுடலைமுத்துவுக்கு இங்கிலீஷ் தெரியாது.

"என்ன எழுதிருக்கு சாமி?"

"நீங்க சாக்கை எரிக்காம விட்டேளாம். நாளைலேருந்து வரவேண்டாமாம்."

"எரிக்கச் சொன்னதே நான்லா?"

"தெரியும். இங்க கையெழுத்துப் போடுங்கோ."

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களே, ஆபீசரைத் திட்டுவது சுலபம். "தெரியும்" என்று நான் சுடலைமுத்துவிடம் சொன்னதைப் பெரிய சாப்பிடம் சொல்லியிருந்தால் அந்த மனுஷனின் வேலை தப்பியிருக்கும். சொல்லாத எனக்கு அந்த வருஷமே பிரமோஷன் கிடைத்தது.