அக்கா பேருக்கு வைத்த மை

எங்கள் பக்கம் நாடாளுமன்றத் தொகுதிக்கு இடைத்தேர்தல் வந்தபோது எனக்கு வேலை போட்ட ஊர், கோம்பைக்குப் பக்கத்தில் அக்கா வாழ்க்கைப்பட்ட ஊர். பெரியகுளத்தில் நடந்த பயிற்சி வகுப்பிலேயே ஊரைச் சொல்லிவிட்டார்கள். அங்கே எனக்குச் சொந்தம் இருக்கிறது, வேறு ஊர் கொடுங்கள் என்று நான் அப்போதே எழுந்து கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அக்காவைப் பார்த்து ஆறு வருடம் ஆகியிருந்தது.

அக்கா கல்யாணம் கட்சிக் கல்யாணம். ஐயர் இல்லை, ஓமம் இல்லை. மேடையில் கொடி கட்டி, கட்சிப் பெரியவர் ஒருவர் தாலி எடுத்துக் கொடுத்தார். அதற்கு முன் மூன்று பேர் பேசினார்கள். அவர்கள் பேசி முடிப்பதற்குள் சாம்பார் ஆறிவிட்டது. அப்பாவும் மச்சானும் ஒரே கட்சி என்பதுதான் அந்தச் சம்பந்தத்துக்கே காரணம். ஜாதகம் பார்க்காமல் கட்சி அட்டையைப் பார்த்துப் பெண் கொடுத்த மனுஷன் என்று அம்மா இடித்துக் காட்டுவாள். பிறகு கட்சி இரண்டாக உடைந்தது. அப்பா பழையதிலேயே நின்றார். மச்சான் புதியதுக்குப் போனார். ஒரு பொங்கலுக்கு வந்த இடத்தில் வாய்ச்சண்டை முற்றி, அக்காவைக் கூட்டிக்கொண்டு போனவர் போனவர்தான். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். எங்கள் வீடு இரண்டுபட்டதில் யாருக்குக் கொண்டாட்டம் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அதன் பிறகு வீட்டில் அக்கா பேச்சை எடுக்கக் கூடாது. அப்பா பேப்பரோடு இருப்பார், அம்மா அடுப்போடு இருப்பாள். நான் பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளிடம் கத்திவிட்டு வந்து, வீட்டில் ஒரு வார்த்தை பேச ஆளில்லாமல் உட்கார்ந்திருப்பேன். எனக்குப் பின்னல் போட்டுவிட்டது, முதல் சம்பளத்தில் சேலை எடுக்கத் தேனிக்குக் கூட்டிப்போனது எல்லாம் அக்காதான். அவள் போன பிறகு நான் யாரோடும் வாய்விட்டுச் சிரித்ததாக நினைவில்லை.

தேர்தலுக்கு முந்தின நாள் காலையில், அப்பா குளிக்கப் போன நேரமாகப் பார்த்து அம்மா என்னிடம் வந்தாள்.

"அங்கன அவளப் பேச விடமாட்டாக. நீதான ஒவ்வொருத்தி கையையும் பிடிச்சு மை வைக்கப் போற? அவ கைய நல்லாப் பாத்துட்டு வாத்தா. மெலிஞ்சிருக்காளா, வளையல் போட்டிருக்காளான்னு பாத்து வந்து சொல்லு. அது போதும் எனக்கு."

வாக்குச்சாவடி அந்த ஊர்ப் பள்ளிக்கூடம். நான் பெண்கள் வரிசைக்கு மை வைப்பவள். எனக்கு நேர் எதிரே, புதுக்கட்சி ஏஜென்டாக, வாக்காளர் பட்டியலும் பென்சிலுமாக மச்சான் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார், சுவரைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். அக்கா கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட பெண்கள்கூட முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு விரலை மட்டும் நீட்டினார்கள். நடவு நட்டுச் சேற்றுப்புண் வந்த விரல், ஏலக்காய் தரம் பிரித்து நகம் கறுத்த விரல், பால் வாசனை அடித்த விரல். அத்தனை பேர் கையைத் தொட்டும் ஒருத்தி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவ்வளவு கூட்டத்தில் அவ்வளவு தனியாக நான் அதற்கு முன் இருந்ததில்லை.

பதினோரு மணி இருக்கும். அப்பா கட்சி ஏஜென்ட் டீ குடிக்க வெளியே போயிருந்தார். பக்கத்து மேஜைக்காரர் அக்கா பேரையும், கணவர் என்று மச்சான் பேரையும் உரக்க வாசித்தார். நிமிர்ந்து பார்த்தேன். முக்காடு போட்ட வேறு ஒரு பெண் நின்றாள். இருபது வயதுகூட இருக்காது.

மச்சானைப் பார்த்தேன். அவர் பட்டியலில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். தன் பெண்டாட்டி ஓட்டு மாமனார் கட்சிக்குப் போய்விடும் என்று பயந்து, முந்திக்கொண்டு ஆளை அனுப்பியிருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. இது என் அக்கா இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் போலீஸ் வரும், அடிதடி வரும், அது அத்தனையும் அக்கா தலையில் விடியும். எப்படியும் அவளை வரவிட மாட்டார், யார் போட்டால் என்ன என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளதைச் சொன்னால், பயந்துவிட்டேன். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தேன். மணிக்கட்டில் பச்சைக் கண்ணாடி வளையல் ஆறு, விரல் நுனியில் மருதாணி. நிதானமாக மை வைத்தேன்.

நாலரை மணிக்கு அக்கா வந்தாள்.

வேலைக்காட்டிலிருந்து நேராக வந்திருந்தாள்; சேலை ஓரமெல்லாம் சேறு. தலை முன்பக்கம் நரைத்திருந்தது. பேரைச் சொன்னாள். பக்கத்து மேஜைக்காரர் பட்டியலைப் புரட்டி, "ஓட்டுப் போட்டாச்சேம்மா" என்றார்.

"நான் இப்பத்தான் வாரேன். எங்க போட்டேன்?" என்று அக்கா கேட்டாள். மச்சான் எழுந்து, "ஏய், வீட்டுக்குப் போ" என்றார். பிரிசைடிங் ஆபீசர் வந்தார். தனிச் சீட்டு ஒன்று தரலாம், அதை உறையில் போட்டு வைப்போம், எண்ணிக்கையில் சேராது என்று விளக்கினார்.

"எண்ணாத ஓட்டு எனக்கெதுக்குங்க?" என்றாள் அக்கா. அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பினாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"ஏன்டி, நீ காலையிலருந்து இங்கனதான உக்காந்திருந்த?"

அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் மைக்குப்பியின் மூடியைத் திருகினேன். அவள் திரும்பிப் போய்விட்டாள். யாருக்குப் போட வந்தாள் என்று மச்சானுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நாங்கள் இரண்டு பேருமே அவளைக் கேட்காமல் அவள் விஷயத்தை முடிவு செய்துவிட்டோம். மச்சான் மீதி நேரம் முழுக்கப் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் வீட்டுக்கு வந்தேன். யார் ஜெயிப்பார்கள் என்று அப்பா கேட்டார். தெரியாது என்றேன். அம்மா என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"வந்தாளா?"

"வந்தாம்மா."

"கையப் பாத்தியா?"

அப்போதுதான் உறைத்தது. அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கையைப் பார்க்கவே இல்லை. அம்மா என் வாயையே பார்த்தபடி நின்றாள்.

"பாத்தேம்மா. பச்சைக் கண்ணாடி வளையல், ஆறு போட்டிருந்தா. விரல்ல மருதாணி. கை நல்லா பூசினாப்புல இருந்துச்சு."

"மருதாணி வச்சிருக்காளா!" என்று அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆறு வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் வயிறாரச் சாப்பிட்டாள். இன்னொரு தடவை சொல்லு என்றாள். சொன்னேன்.