அம்மா, போன் கத்துது

இரண்டு போன்களையும் மேசையில் தலையோடு தலை முட்ட வைத்து, அவற்றின் மேல் உள்ளங்கையைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார் அக்கா. ஒரு பாட்டு இந்தப் போனிலிருந்து அந்தப் போனுக்குப் போய்ச் சேரும்வரை அந்தக் கை அசையாது. புளூடூத்துக்கு இவ்வளவு பாடு தேவையில்லை, அறையின் இரண்டு மூலைகளில் வைத்தாலும் போகும் என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். “நீ சொல்லுவாய் தங்கச்சி. பாதி வழியில விழுந்துதெண்டால் ஆர் பொறுக்கிறது?” என்பார். சொல்லிவிட்டுத் தானே சிரிப்பார்; கையை மட்டும் எடுக்கமாட்டார்.

அக்கா எனக்கு உறவில்லை. திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட இருந்த எங்கள் கந்தோரில் என்னோடு வேலை செய்த எதிர் மேசைக்காரர். நான் அன்புவழிபுரத்திலிருந்து சைக்கிளில் போவேன். அவர் தம்பலகாமத்திலிருந்து பஸ்ஸில் வருவார். கணவர் வயல் செய்தார். ஒரே பிள்ளை, மூன்று வயது மகள். கட்டாரில் இருந்த தம்பி அனுப்பிய போன் ஒன்று அக்காவிடம் இருந்தது. படம் எடுக்கும், குரல் பதியும். அந்த நாளில் எங்கள் கந்தோரில் அது பெரிய காரியம்.

சண்டை மறுபடி தொடங்கிய காலம் அது. எங்காவது வெடித்தால் முதலில் போன் வேலை செய்யாமல் போகும். எப்போது திரும்ப வரும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கையில் போனை வைத்துக்கொண்டு ஒருவருடனும் கதைக்க முடியாமல் இருந்த அந்த நாட்களில் புளூடூத் மட்டும் யாரையும் கேட்காமல் வேலை செய்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பாட்டுகள், கோயில் திருவிழாப் படங்கள், யாரோ வீட்டுக் கலியாணக் காட்சிகள் என்று மேசைக்கு மேசை போய்வந்தன. பஸ்ஸிலும் அப்படித்தான். பக்கத்து இருக்கையில் இருப்பவரின் பெயர் தெரியாது. அவருடைய பாட்டு எங்கள் போனில் இருக்கும்.

ஒருநாள் அக்கா புதிதாக ஒன்றை அனுப்பினார். பாட்டு இல்லை. குசினியில் வேலையாய் இருந்த அக்காவை மகள் கூப்பிடும் சத்தம். “அம்மா, போன் கத்துது! தெதியா வாங்கோ! தெதியா!” அவசரப்படுத்தினாலும் பிள்ளைக்கு ‘கெதியா’ என்று சொல்ல நாக்கு வரவில்லை. கடைசியில் மூச்சு வாங்கி, தனக்குத்தானே ஒரு சிரிப்பு. அக்கா அதை ரிங்டோனாக வைத்திருந்தார். கேட்ட எல்லோருக்கும் அது வேண்டியிருந்தது. அன்று அக்காவின் உள்ளங்கைக்கு ஓய்வே இல்லை.

எங்கள் பிரதம லிகிதருக்கு மட்டும் பிடிக்கவில்லை. அவர் முக்கியமான ஒரு கூட்டம் நடத்திக்கொண்டிருந்தபோது மூன்று மேசைகளிலிருந்து அந்தப் பிள்ளை ஒன்றன்பின் ஒன்றாகக் கத்தியது. “இது கந்தோரோ, பாலர் பாடசாலையோ?” என்று எழும்பியவர், அன்றிலிருந்து கந்தோருக்குள் ஒரு போனும் சத்தம் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

கண்டி வீதிச் சோதனைச் சாவடியில் நடந்ததை அக்கா அடுத்த நாள் காலை சொன்னார். எல்லோரையும் பஸ்ஸால் இறக்கி வரிசையில் விட்டிருக்கிறார்கள். அக்காவின் முறை வந்தபோது பைக்குள் இருந்த போன் மகளின் குரலில் கத்தியது. ஓர் இளம் சிப்பாய் அதை வாங்கிப் பார்த்தான். யாருடைய குரல் என்று அரைகுறைத் தமிழில் கேட்டான். “என்ர மகள்” என்றார் அக்கா. அவன் திரும்பவும் போட்டுக் கேட்டுவிட்டுத் தன் போனை எடுத்து, “எனக்கும் அனுப்பு” என்றான். தனக்கும் ஒரு பிள்ளை இருக்கிறது, இவ்வளவு உயரம் என்று தரையிலிருந்து கையை உயர்த்திக் காட்டினானாம்.

“அனுப்பினீங்களோ?” என்று கேட்டேன்.

“அனுப்பாமல் ஏலுமோ? அவன்ர போனும் என்ர போனும் ஒண்டையொண்டு தேடிப் பிடிக்கிற வரைக்கும் எனக்கு உயிர் இல்லை. நாளைக்கு வேற ஆரும் பார்த்து, இந்தப் போனோட உனக்கென்ன தொடர்பு எண்டு கேட்டால் நான் என்ன சொல்ல?” என்றவர், போனைப் பைக்குள் வைத்துக்கொண்டே, “பாவம், நல்லாச் சிரிச்சவன்” என்றார்.

அதற்குப் பிறகு அவர்கள் ஊரில் நிலைமை கெட்டது. அக்காவின் கணவரை இரண்டு தடவை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். இரண்டாவது தடவை அவர் திரும்பி வந்தது முதல் அக்கா மத்தியானத்தில் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு திங்கட்கிழமை வேலைக்கு வரவில்லை. அந்த வாரம் முழுவதும் வரவில்லை. வீடு பூட்டிக் கிடக்கிறது, மன்னார்ப் பக்கம் போய் இந்தியாவுக்கு வள்ளம் ஏறிவிட்டார்கள் என்று பஸ்ஸில் வருகிறவர்கள் சொன்னார்கள். வள்ளம் போய்ச் சேர்ந்ததா என்று சொல்ல ஒருவரும் இல்லை. அக்காவின் இலக்கத்துக்கு எடுத்தால், தொடர்பு கொள்ள முடியாது என்று ஒரு பெண்குரல் மூன்று மொழிகளில் சொன்னது.

ஆனால் பிள்ளையின் குரல் ஊருக்குள் நடமாடிக்கொண்டே இருந்தது. கந்தளாயிலிருந்து வந்த பஸ்ஸின் பின் இருக்கையில் கேட்டேன். ஆஸ்பத்திரி வாசலில் நின்ற ஓட்டோவுக்குள் கேட்டேன். மீன் சந்தையில், கிண்ணியாவைச் சேர்ந்த வியாபாரி ஒருவரின் சட்டைப் பைக்குள் அது கத்தியபோது நான் காசு கொடுக்க மறந்து நின்றுவிட்டேன். “நானா, இது ஆரின்ர பிள்ளை?” என்று அவரை அண்ணன் முறை சொல்லிக் கேட்டேன். “தெரியா தங்கச்சி, மச்சான் அனுப்பின. புள்ள கத்தினாத்தான் எனக்குப் போன் கேக்கும்” என்று சிரித்தார். அந்தப் பிள்ளை உயிரோடு இருக்கிறதா என்பதே எனக்குத் தெரியாது என்று அவரிடம் சொல்லவில்லை. மீனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒரு மாரி போய் அடுத்த மாரி தொடங்கியிருந்தது. பிரதம லிகிதரின் மேசைத் தொலைபேசி அடித்தது. எடுத்தவர், “ஓம்… ஓம்…” என்றார். பிறகு எழுந்து நின்றுவிட்டார். “பிள்ளை, இங்க வாரும்” என்று என்னைக் கூப்பிட்டு றிசீவரை நீட்டினார்.

“தங்கச்சி, கந்தோர் நம்பர் மட்டும்தான் எனக்கு மனப்பாடம்” என்றது அக்காவின் குரல். தமிழ்நாட்டில் ஒரு முகாமில் இருக்கிறார்களாம். மூன்று பேரும் சுகமாம். வள்ளக்காரன் மணல் திட்டில் இறக்கிவிட்டுப் போக, இடுப்பளவு தண்ணீரில் நடந்திருக்கிறார்கள். பிள்ளையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டதில் பை நனைந்து போன் செத்துவிட்டது. “பிள்ளையின்ர அந்தச் சத்தமும் அதோட போச்சு. கந்தோரில ஆரிட்டயும் இருக்குமே? அனுப்ப ஏலுமோ?” என்று கேட்டார்.

எப்படி அனுப்புவது? எங்கள் புளூடூத் கந்தோர் முற்றத்தையே தாண்டாது. என் போனும் பார்த்து அன்றைக்கென்று சார்ஜ் இறங்கிக் கிடந்தது. நான் தடுமாறிக்கொண்டு நிற்க, பிரதம லிகிதர் தன் மேசை லாச்சியைத் திறந்து தன்னுடைய போனை எடுத்தார். ஒருவரின் முகத்தையும் பார்க்காமல் எதையோ தேடி அமத்தினார். அதை என் கையில் இருந்த றிசீவரோடு ஒட்டிப் பிடித்தார். “அம்மா, போன் கத்துது! தெதியா வாங்கோ!” என்று பிள்ளை கத்தியது. அவரிடமும் அது இருந்தது என்பது எங்கள் ஒருவருக்கும் தெரியாது. கந்தோர் முழுவதும் அந்த மேசையைச் சுற்றி வந்து நின்றது.

எல்லோருக்கும் கேட்கும்படி றிசீவரைத் திருப்பிப் பிடித்து, அந்தப் பக்கம் அக்கா அழுகிறாரா என்று நான் காதைக் கூர்மையாக்கினேன். கேட்டது வேறொரு குரல். “யாரும்மா அந்தப் பாப்பா?”

“அது நீதான் செல்லம்.”

“பொய்! நான் அப்படிப் பேசமாட்டேன்.”

“கேட்டியளே?” என்று அக்கா எங்களிடம் சொன்னார். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. “இஞ்ச வந்து பிள்ளை பேசப் பழகிட்டுது. இப்ப கதைக்கிறதில்லையாம்.” நாங்கள் ‘கதைப்போம்’; அங்கே ‘பேசுவார்கள்’. அதற்குள் பிள்ளை, “வைம்மா, பசிக்குது” என்று தாயை அவசரப்படுத்தும் சத்தம். தொடர்பு அறுந்துவிட்டது. பிரதம லிகிதர் போனை லாச்சிக்குள் வைத்து மூடினார். எங்களை வேலையைப் பார்க்கச் சொல்லவில்லை.

அக்கா பிறகு ஊருக்குத் திரும்பவில்லை. மகள் அங்கேயே படித்து வேலைக்கும் போகிறாள். இப்போது அவர்கள் அனுப்பும் படங்கள் நான் கண் சிமிட்டுவதற்குள் வந்து சேர்கின்றன. பிறந்தநாள், பொங்கல், வாசலில் போட்ட கோலம் என்று எத்தனையோ வந்து போனை நிரப்புகின்றன. பார்த்து, பதில் எழுதி, மறந்துவிடுகிறேன். மணல் திட்டைத் தாண்டிய ஒரு பிள்ளை தாயை எதிர்த்து வாய் காட்டிய அந்த ஒரு “பொய்!” மட்டும் எந்தப் போனிலும் இல்லை. கந்தோரில் அன்றைக்கு நின்ற ஒருவருக்கும் அதைப் பதிய வேண்டும் என்று தோன்றவில்லை. நாங்கள் கேட்டுக்கொண்டு நின்றோம்.