ஒன்றரை அடி உயரத்தில் ஒரு கேப்டன்

விமான நிலையத்தில் அவரை எல்லோரும் 'கேப்டன்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஓட்டியது என்னவோ பஸ். கட்டட வாசலில் பயணிகளை ஏற்றி, நானூறு மீட்டர் தள்ளி நிற்கும் விமானத்தின் படிக்கட்டடியில் இறக்கிவிடும் பஸ். இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. ஆனாலும் மனிதர் மைக்கைக் கையில் எடுத்துவிட்டால், அடேயப்பா, என்ன அலட்டல்!

"வணக்கம், கேப்டன் பேசறேன். நாம இப்ப ஒன்றரை அடி உயரத்துல பறந்துட்டிருக்கோம். கொஞ்ச நேரத்துல லேசா டர்புலன்ஸ் வரும். வேற ஒண்ணுமில்ல, வடிகால் மூடிதான். பயப்படாம கம்பியைப் பிடிச்சுக்குங்க."

தூங்கி வழிந்த முகங்கள்கூடச் சிரித்துவிடும்.

வீட்டிலும் இதே கூத்துதான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "டவர், லேண்டிங்குக்கு அனுமதி உண்டா?" என்பார். டவர் என்றால் மனைவி. "காலைக் கழுவிட்டு இறங்குங்க" என்று சமையலறையிலிருந்து உத்தரவு வரும். மகள் சின்ன வயதில் 'சரி டீச்சர்' என்பதற்குப் பதிலாக 'ரோஜர் டீச்சர்' என்று சொல்லி, வகுப்புக்கு வெளியே நின்றிருக்கிறாள்.

இத்தனைக்கும் அவர் ஒரு தடவைகூட விமானத்தில் ஏறிப் பறந்ததில்லை. பத்தொன்பது வயதில் விமானியாகத்தான் ஆசைப்பட்டார். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டார். கண் பரிசோதனையில் ஒரு புத்தகத்தைப் பிரித்து வைத்தார்கள். பக்கம் முழுக்க வண்ணப் புள்ளிகள், புள்ளிகளுக்குள்ளே ஒளிந்திருக்கும் ஓர் எண். முதல் பக்கத்துப் பன்னிரண்டு தெரிந்தது. அது யாருக்கும் தெரியும். அதற்குப் பிறகு வெறும் புள்ளிகள்தான். சிவப்பும் பச்சையும் அந்தக் கண்ணுக்கு ஒன்றே! அதுவரை அது அவருக்கே தெரியாது, பாவம். பழுத்த தக்காளி வாங்கிவரச் சொன்னால் காயாகப் பொறுக்கி வருவதைச் சோம்பேறித்தனம் என்றுதான் வீட்டில் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

கண்ட வேலையையும் பார்த்துவிட்டு, கல்யாணமான பிறகு, விமானத்துக்குப் பக்கத்திலாவது இருப்போமே என்று பஸ் ஓட்ட மனுப் போட்டார். அங்கேயும் வந்து நின்றது அதே புத்தகம். விமானங்களுக்கு நடுவே வண்டி ஓட்டுகிறவருக்கு வருஷா வருஷம் கண் பரிசோதனை உண்டு. தேறாவிட்டால் உள்ளே ஓட்ட பாஸ் கிடையாது. இந்தத் தடவை மனிதர் ஏமாறவில்லை. பழைய புத்தகக் கடையில் அதைத் தேடிப் பிடித்து வந்தார். புதுப்பெண்டாட்டி பக்கம் பக்கமாகப் பார்த்து எண்களைச் சொல்ல, வரிசை பிசகாமல் உருப்போட்டுவிட்டார். எந்த டாக்டர் மெனக்கெட்டுப் பக்கத்தை மாற்றிக் காட்டப்போகிறார்?

அதன்பின் இருபத்தாறு வருஷம், பரிசோதனை நாளன்று காலையில் அவள் காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள்.

"ஒண்ணு?"

"பன்னெண்டு."

"ரெண்டு?"

"எட்டு."

"மூணு?"

"ஆறு."

"நாலு?"

"இருபத்தொன்பது."

இருபத்துநான்கு பக்கமும் முடிந்ததும், "செக்லிஸ்ட் முடிஞ்சது" என்று எழுந்துகொள்வார். விமானி கிளம்பும் முன்னால் ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பாராமே, அதுபோல. மற்றபடி, சிக்னலில் மேலே எரிந்தால் நிற்பார், கீழே எரிந்தால் போவார். ஒரு கீறல்கூட விழுந்ததில்லை அந்த பஸ்ஸில்.

இந்த வருஷம் மருத்துவ அறையில் புத்தகத்தைக் காணோம். மேஜைமேல் ஒரு கணினித் திரை. எதிரே புதிதாக வந்திருந்த டாக்டரம்மா. மகள் வயதுதான் இருக்கும்.

"டேக்-ஆஃபுக்கு ரெடி, மேடம்" என்றார். அவள் சிரித்துவிட்டாள்.

திரையில் புள்ளிகள் வந்தன. "பன்னெண்டு" என்றார், மைக்கில் பேசும் அதே மிடுக்கோடு. அடுத்தது வந்தது. "எட்டு." அடுத்தது. "ஆறு." "இருபத்தொன்பது." ஆறாவது படத்தோடு அவள் நிறுத்திவிட்டாள்.

"சார், இது ஒவ்வொருத்தருக்கும் வரிசையை மாத்தி மாத்திக் காட்டும்" என்றாள் மெதுவாக. "நீங்க சொல்றது பழைய புத்தகத்து வரிசை."

அவர் திரையை விட்டு டாக்டரம்மாவைப் பார்த்தார்.

"எத்தனை வருஷமா சார்?"

"இருபத்தாறு. ஒரு ஆக்சிடென்ட் கிடையாதும்மா. வேணும்னா கேட்டுப் பாருங்க." பிறகு சொன்னார்: "ஒரு கோ-அரவுண்ட் குடுங்கம்மா. இறங்க முடியலன்னா பிளேனே ஒரு சுத்து சுத்திட்டு மறுபடி வருமே, அந்த மாதிரி ஒரே ஒரு தடவை."

கொடுத்தாள். முதலிலிருந்து, அவசரப்படாமல், ஒவ்வொரு படமாகக் காட்டினாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார், விரித்துப் பார்த்தார். அதே புள்ளிகள், பத்தொன்பது வயதில் பார்த்த அதே பாழாய்ப்போன புள்ளிகள். நான்காவது படத்தில், "தெரியலம்மா" என்று சொல்லிவிட்டார். கழுத்திலிருந்த பாஸைக் கழற்றி அவரே மேஜைமேல் வைத்தார்.

அன்று வீட்டு வாசலில் அனுமதி எதுவும் கேட்கவில்லை. மனைவி வெளியே வந்து பார்த்தாள்.

"என்னங்க, சத்தத்தையே காணோம்?"

"கிரவுண்டட்."

இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே இல்லை. "அப்படின்னா?"

"இனிமே பறக்கக் கூடாதுன்னு அர்த்தம்."

நீங்கள் எப்போது பறந்தீர்கள் என்று நுனிநாக்கு வரை வந்துவிட்டது அவளுக்கு. விழுங்கிக்கொண்டு, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

வேலையிலிருந்து அனுப்பவில்லை. வெளியே, கார்கள் நிற்கும் இடத்தில் பயணிகள் விட்டுப்போகும் பெட்டி தள்ளும் வண்டிகளைச் சேர்த்துத் தள்ளிவரச் சொன்னார்கள். அங்கிருந்து விமானம் தெரியாது, இரைச்சல் மட்டும் கேட்கும். அங்கே யாருக்கும் அவர் கேப்டன் இல்லை. முதல் வாரம் முப்பது வண்டிகளைக் கோத்துத் தள்ளும்போது, "கேப்டன் பேசறேன்" என்று ஆரம்பித்துப் பார்த்தார். "பெரியவரே, ஓரமாப் போங்க" என்று ஒருவர் ஹாரன் அடித்தார். அதோடு விட்டுவிட்டார். வீட்டிலும் டவர், லேண்டிங் என்ற பேச்செல்லாம் நின்றுபோனது. மகள்கூட ஒருநாள் போனில், "அப்பாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

அடுத்த வருஷம் அந்தப் பரிசோதனைத் தேதி வந்தது. காலையில் அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் எதிரே உட்கார்ந்து வேலைக்குப் போட வேண்டிய சட்டையின் பொத்தானைத் தைத்துக்கொண்டிருந்தார். நினைவில்லாமல் வாயில் வந்ததோ, வேண்டுமென்றே கேட்டாளோ, "ஒண்ணு?" என்றாள்.

ஊசியை நிறுத்தினார்.

"பன்னெண்டு."

"ரெண்டு?"

"எட்டு."

இருபத்துநான்கையும் சொன்னார். ஒன்றுகூடத் தப்பவில்லை. பிறகு நூலைக் கடித்து அறுத்துச் சட்டையைப் போட்டுக்கொண்டு, வண்டி தள்ளக் கிளம்பினார்.